நான்கு தந்தி ஆறாகும்போது

சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதரைச் சேவித்துவிட்டு இறங்கும்போது, படியில் உட்கார்ந்து மாண்டலின் ஸ்ரீநிவாஸைக் கேட்பது என் வழக்கம். வாத்தியத்தையே தன் சங்கீதத்துக்கு வளைத்தவர். சாதாரண மாண்டலினில் நான்கு ஜோடியாக எட்டுத் தந்திகள். ஜோடியை ஒருசேர அசைத்துக் கமகம் பிடிப்பது பெரும்பாடு. அவர் கையிலிருந்த எலெக்ட்ரிக் மாண்டலினிலோ ஒற்றை ஒற்றையாய் ஐந்தே தந்தி.

வாத்தியத்தைத் தன் இசைக்கு வளைக்கும் இதே ஆசைதான் நான்கு தந்திக் குட்டை பேஸ் கிடாரை ஆறு தந்தியாக்குகிறவர்களுக்கும். 1961-இல் ஃபெண்டர் நிறுவனம் 'பேஸ் சிக்ஸ்' கொண்டுவந்தது. தந்தி நீளம் குட்டை பேஸுக்குரிய 30 அங்குலம். சுருதி கிடாருக்கு ஒரு ஸ்தாயி கீழே. பழைய பேஸை அப்படி மாற்ற, தலையில் இன்னும் இரண்டு பிருடைக்குத் துளையிட வேண்டும். குதிரையையும் மாற்ற வேண்டும். எனக்கு வியப்பான இடம் நட், அதாவது தந்திகள் கழுத்தில் ஏறும் அந்தச் சின்ன எலும்புத் துண்டு. சில குட்டை பேஸ்களில் அதன் அகலம் சுமார் 42 மில்லிமீட்டர். கிடாருடையதும் ஏறக்குறைய அதுவே! நான்கு பள்ளத்துக்குப் பதில் ஆறு அறுத்தால், விரல்கள் பழகிய இடைவெளி தானாகக் கிடைக்கிறது. பள்ளம் கொஞ்சம் ஆழமானாலும் தந்தி மெட்டில் உரசி இரையும். அரத்தை நிதானமாக ஓட்ட வேண்டும்.

பேஸ் தந்தியைவிட மெல்லிய தந்திகள் ஏறியதும், மந்தர ஸ்வரங்களைத் தனித்தனியாக மீட்டிய வாத்தியத்தில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டுகளும் பேசத் தொடங்குகின்றன.