தேயாத டயரின் ருசி

2012இல் டொயோட்டா 86 சந்தைக்கு வந்தபோது கார்ப் பித்தர்கள் பலர் குனிந்து அதன் டயரைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பின்சக்கர இழுவை, தாழ உட்கார்ந்த எஞ்சின், 200 குதிரைத்திறன், இரண்டே கதவு என்று ஸ்போர்ட்ஸ் காருக்குரிய எல்லா லட்சணமும் இருக்க, காலில் மட்டும் மிஷலின் பிரைமசி எச்பி. பெட்ரோல் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸின் சில வகைகளிலும் ஓடிய அதே டயர். அகலமும் வெறும் 215 மி.மீ. ‘பிரியஸ் டயர்’ என்ற கேலி அந்தக் காரோடு ஒட்டிக்கொண்டது.

என்னைக் கேட்டால், அந்தக் காரில் எடுத்த முடிவுகளிலேயே ரசனை மிகுந்தது அதுதான். தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா தெரிந்தேதான் செய்தார். டர்போ வேண்டாம், நான்கு சக்கர இழுவை வேண்டாம், பிடிப்பு மிகுந்த அகல டயர் வேண்டாம். இந்த மூன்று ‘வேண்டாம்’களின் மேல்தான் அந்தக் கார் நிற்கிறது. சுமார் 1,250 கிலோ எடையுள்ள ஒரு காருக்கு ராட்சச டயரை மாட்டினால் அது சாலையைக் கவ்விக்கொண்டு போகும். ஓட்டுபவருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

டயர் சாலையைப் பிடிக்கும் விதமே அழகானது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் நடுவே சில டிகிரி இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான் பக்கவாட்டுப் பிடிப்பே பிறக்கிறது. கோணம் கூடக்கூடப் பிடிப்பும் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும். எல்லாரும் அந்த உச்சம் எவ்வளவு உயரம் என்றே கேட்கிறார்கள். ரசிகர் கேட்க வேண்டியது, உச்சத்துக்கு அப்பால் அது எப்படி இறங்குகிறது என்பதை. பந்தயத்துக்கென்றே வார்த்த டயர்கள் பலவற்றில் உச்சத்துக்கு அப்பால் மொட்டைமாடி விளிம்பு. கால் வைத்தால் கீழேதான். நல்ல அன்றாட டயர் பெரும்பாலும் சரிவாக இறங்கும். லேசாக உறுமி, கொஞ்சம் நழுவி, திருத்திக்கொள்ள அவகாசம் தரும்.

பின்சக்கர இழுவைக் காரில் இந்த உரையாடல் இன்னும் தெளிவாகக் கேட்கும். முன்சக்கரங்களுக்குத் திருப்புவதும் பிரேக் பிடிப்பதும்தான் வேலை. எஞ்சினின் இழுப்பு அவற்றில் குறுக்கிடாது. முன்டயர் தன் எல்லையை நெருங்கும்போது, பிடி விடுவதற்கு முன்பே ஸ்டியரிங் கையில் சற்று லேசாகிவிடும். அந்த லேசை உணரப் பழகிய கைக்கு வேறு எச்சரிக்கை விளக்கு வேண்டியதில்லை. பின்டயரின் சேதி இடுப்புக்கு வரும்.

நெடுநாள் உழைக்கும் டயரை ஸ்போர்ட்ஸ் காருக்குப் போடுவது கஞ்சத்தனம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. உழைக்கும் ரப்பர் பொதுவாகச் சற்றுக் கடினமானது. ஆகவே அதன் உச்சப் பிடிப்பு குறைவு. குறைவாக இருப்பதால்தான் மேலே சொன்ன சங்கதியெல்லாம் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே கிடைக்கிறது. ஒட்டும் டயரில் அதே சுகத்தைத் தேடினால் ஓட்டுநர் உரிமத்தைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும்.

சரி, உழைப்பை எப்படி அளப்பது? அமெரிக்காவில் விற்கும் கார் டயர்களின் பக்கவாட்டில் தேய்மான எண் ஒன்று பொறித்திருக்கும். டெக்சாஸில் சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றிச் சுமார் 640 கி.மீ. நீளப் பாதையில், ஒப்பீட்டு டயரோடு சேர்த்து மொத்தம் 11,500 கி.மீ.க்கு மேல் ஓட்டிப் பார்த்து வரும் எண் அது. ஒப்பீட்டு டயருக்கு 100 என்றால், அதைவிட மூன்று மடங்கு உழைப்பதற்கு 300. கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் எண்ணைப் பொறிப்பது அரசு அல்ல, டயர் நிறுவனமே. அமெரிக்காவின் அமெச்சூர் பந்தயங்கள் சிலவற்றில் 200க்குக் குறைந்த எண்ணுள்ள டயருக்கு அனுமதி இல்லை என்றார்கள். உடனே பசைபோல ஒட்டும் டயர்கள் வரிசையாக வந்தன, எல்லாவற்றிலும் கணக்காக 200! பிரிட்ஜ்ஸ்டோனின் பந்தயப் பிரியர்களுக்கான டயரான ஆர்இ-71ஆர் அப்படி 200 போட்டுக்கொண்டது. கேலிக்கு ஆளான பிரைமசிக்கோ 240தான். பிடிப்பில் இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், எண்ணிலோ வெறும் 40. ஆகவே இந்த எண்ணை ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துவது நல்லது.

அதைவிட நம்பத்தக்கது உத்தரவாத தூரம். அதில் நிறுவனத்தின் காசு இருக்கிறது. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்-க்கு அமெரிக்காவில் 30,000 மைல். அதே குடும்பத்து பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4-க்கு 45,000. கான்டினென்டலின் ஆல் சீசன் டயரான எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ்ஸுக்கு 50,000, அதாவது சுமார் 80,000 கி.மீ. இந்தக் கடைசி டயரில் எனக்குத் தனிப் பிரியம். அதன் பட்டன்களில் டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வார்த்திருக்கும். உலர் சாலை, ஈரச் சாலை, பனி என்று பொருள். தேயத் தேய முதலில் எஸ் அழியும். பனிக்கு இனி லாயக்கில்லை என்று அறிந்துகொள்ளலாம். அப்புறம் டபிள்யூ போகும். போதாததற்கு இரு ஓரங்களிலும் சிறு குறிகள். ஓர் ஓரத்தில் மட்டும் குறி சீக்கிரம் மறைந்தால் அலைன்மென்ட் கோணலாக இருக்கிறது. டயர் தானே தன் ஜாதகத்தைச் சுமக்கிறது.

உழைப்பில் பாதி டயரிடம் இருந்தால் மீதி காரிடம் இருக்கிறது. 86இல் நான்கு டயரும் ஒரே அளவு. எஞ்சின் இழுப்பால் பின்டயர் சீக்கிரம் தேயும். முன்னே பின்னே மாற்றிப் போட்டால் நான்கும் ஒன்றாக மூப்படையும். போர்ஷே 911 கரேரா எஸ்-இல் முன்வீல் 20 அங்குலம், பின்வீல் 21. மாற்றிப் போட வழியே இல்லை. அப்படிப்பட்ட கார்களில் மிஷலின் பின்டயருக்குத் தரும் உத்தரவாதமே பாதி தூரத்துக்குத்தான். அழகுக்காகப் பின்னால் அகலமான வீல் மாட்டும் 86காரர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம்தான் வருகிறது.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் மழை. உழைப்பை மட்டுமே குறியாகக் கொண்ட, 700க்கு மேல் எண் போட்ட சொகுசு டயர்கள் இந்தக் காருக்கு ஆகாது. அவற்றின் மெத்தென்ற பக்கச்சுவர் ஸ்டியரிங்கின் சேதியை விழுங்கிவிடும். மழையிலோ அந்தச் சேதிதான் உயிர்: ஈரத்தில் முன்டயர் நழுவினால் கார் நேரே போகும். பின்டயர் நழுவினால் கார் சுற்றிக்கொள்ளும். சட்டம் 1.6 மி.மீ. பட்டன் வரை அனுமதிக்கிறது. மழையில் அந்த 1.6 கிட்டத்தட்ட மொட்டைதான், 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது உத்தமம். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவை பின்னால்தான் போக வேண்டும்.

என் தேர்வு இது: வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் ஊரில் 86 ஓட்டுபவருக்கு அந்த இரண்டு ஆல் சீசன்களில் ஒன்று, காருடன் வந்த அதே அளவில். குளிரே இல்லாத ஊரென்றால் கோடை டயரே போதும், 300ஐ ஒட்டிய எண்ணோடு. வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் கிடந்தே வயதான ரப்பரைப் புதிது என்று தலையில் கட்டுபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.