மேலாள் பார்த்த கடை

அந்தக் காலத்தில் செட்டிநாட்டு முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். வட்டிக்கடை பர்மாவில், மோல்மேனில் நடக்கும். கடிதம் போய்ப் பதில் வரப் பல நாளாகும். தமிழ் வணிகர்களின் நிர்வாக மரபுகளில் நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களின் முறைக்கே முதலிடம் என்று நான் சொல்வது இந்தத் தூரத்தை அவர்கள் சமாளித்த விதத்துக்காக.

பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கு பழகி, அடுத்தாளாகி, அதன் பிறகே கடையை நடத்தும் மேலாள் ஆவான். மேலாளுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி கப்பலேறும் முன்பே கைக்கு வந்துவிடும். மனைவி மக்கள் ஊரில்தான். யாருக்குக் கடன், எந்த ஈட்டுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் அன்றாடம் மேலாளே தீர்மானிப்பார். முதலாளி குறுக்கே வருவதில்லை. ஊருக்கு வரும் ஐந்தொகையை மட்டும் வரி வரியாகப் பார்ப்பார். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் இன்னொரு காவலும் இருந்தது. ஒரே கூடத்தில் பல கடைகளின் மேலாட்கள், ஆளுக்கொரு பெட்டியும் கணக்கு மேசையுமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துப் பெட்டிக்காரர் கண்ணில் படாமல் தில்லுமுல்லு செய்வது எளிதா என்ன?

முறைக்கு ஓட்டையும் உண்டு. மேலாள் ஆகப் பெரும்பாலும் நகரத்தாராகப் பிறந்திருக்க வேண்டும். வெளியார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பெரும்பாலும் கணக்கப்பிள்ளையோடு சரி. 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது இன்னொரு குறையும் வெளிப்பட்டது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் கடன்களுக்கு ஈடாகச் செட்டியார் கடைகளிடம் வந்து சேர்ந்தது. வசூலில் தேர்ந்த மேலாளுக்கு வயலை வைத்து என்ன செய்வதென்று யாரும் கற்றுத் தரவில்லை. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவரின் கோபத்துக்கு எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதவில்லை.

1900 வாக்கில் மோல்மேனில் வட்டிக்கடை வைத்த நகரத்தார் குடும்பமான முருகப்பா குடும்பம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே மூலதனத்தை இந்தியாவுக்குத் திருப்பிக்கொண்டது. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. வட்டிக்கடைக் கணக்குப் புத்தி தொழிற்சாலைக்கும் உதவியது என்பது என் கணிப்பு.

மதுரையில் 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ். வழி வேறு. அங்கே பிள்ளைகளும் பேரன்களும் ஆளுக்கொரு நிறுவனத்தைப் பக்கத்திலிருந்தே கவனித்தார்கள். அந்த வழியில் வந்த சுந்தரம் கிளேட்டன் 1998-இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அதற்குக் கணக்கைக் காட்டினால் போதாது. தேர்வாளர்கள் ஆலைக்கே வந்து, வேலை நடக்கும் முறையைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.