பழைய பிலிப்பர்களும் புதிய வர்ணமும்

பழைய பிலிப்பர் மேசைகளைத் தேடி வாங்கி, பிரித்து, கழுவி, வயர் திருத்தி, வர்ணம் பூசி மீண்டும் ஓட வைப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருடைய பொழுதுபோக்கு. நிலக்கீழ் அறையிலோ கார்க் கொட்டகையிலோ இரவிரவாக இருந்து செய்கிறார்கள். வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டால் பேச எதுவுமில்லை. ஆயின் தாம் செய்வதைப் படைப்பென்று இவர்களே சொல்லும்போது, ஒரு நாவலையோ நாடகத்தையோ பார்க்கிற கண்ணால் அதையும் பார்க்க எமக்கு உரிமை வந்துவிடுகிறது. இவர்களிடையே நடக்கும் பேச்சில் பெரும்பகுதி விலையைப் பற்றியும் உதிரிப்பாகங்களைப் பற்றியும்தான். நல்லது கெட்டது பற்றிய பேச்சு குறைவு.

எண்பதுகளில் பாரிஸுக்கு வந்து சேர்ந்த எம்மவர்களுக்கு இந்த மேசையை விளக்கத் தேவையில்லை. கபேயின் பின்னறையில் நாம் கோப்பை கழுவிக்கொண்டிருக்க, முன்னால் வாடிக்கையாளன் ஒருவன் இடுப்பால் அதை இடித்துக்கொண்டு நிற்பான். கொடார்த் 1962இல் எடுத்த 'விவ்ர் ஸா வீ' படத்தின் தொடக்கத்திலும் அது கபேக்குள் நிற்கிறது. ஆனால் அதன் பிறந்த ஊர் சிக்காகோ. 1931இல் டேவிட் கொட்லீப் விற்ற 'பாஃபில் போல்' பெட்டியில் குண்டைத் திருப்பி அடிக்கும் தட்டுக்கைகள் இல்லை. குண்டைச் சுண்டிவிட்டு, ஆணிகளிடையே இடறி அது எந்தக் குழிக்குள் விழுகிறதென்று பார்த்து நிற்க வேண்டியதுதான். ஆகவே சூதென்று பெயரெடுத்தது. 1942இல் நியூயோர்க் நகரபிதா லா கார்டியா அதைத் தடைசெய்தார். பறித்த பெட்டிகளைச் சம்மட்டியால் உடைக்கும் படங்களுக்கும் நின்றார். 1947இல் கொட்லீப்பின் 'ஹம்ப்டி டம்ப்டி' மேசையில் ஹரி மாப்ஸ் மின்சாரத் தட்டுக்கைகளைப் பொருத்திய பிறகே ஆடுபவன் கைக்கு ஒரு வல்லமை வந்தது. இருந்தும் நியூயோர்க்கில் தடை நீங்க 1976 ஆயிற்று. நகரசபையினர் முன்னிலையில் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர், குண்டு எந்த வழியால் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி இறக்கிக் காட்டினார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணமுண்டு. இந்த மேசைக்கு மானம் வாங்கிக் கொடுத்தது ஆடுபவனின் கை. மேசைகளைத் திருத்துகிறவர்கள் பலர் மறந்துபோவதும் அவனைத்தான்.

ஒரு பழைய மேசைக்குள் பலருடைய வேலை கிடக்கிறது. பின்கண்ணாடியில் உட்புறமாக அச்சிட்ட படம் ஓவியருடையது. ஐம்பதுகளில் கொட்லீப்புக்கு வரைந்த ரோய் பார்க்கரின் சிரித்த முகங்களுக்காகவே மேசை வாங்குவோர் உண்டு. எங்கே தடை, எங்கே குழி, குண்டு எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று தீர்மானித்தது வடிவமைப்பாளர். துணி சுற்றிய வயர்களை நிறம் பார்த்துக் கட்டி, ரிலேக்களில் ஈயம் பற்றவைத்தவர்கள் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் பெண்கள். ஓவியர் பெயரும் வடிவமைப்பாளர் பெயரும் இன்று சேகரிப்போருக்கு மனப்பாடம். ஈயம் பற்றவைத்த பெண்ணின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஆனால் வெளியே கண்ணாடியில் நீச்சலுடையில் நின்று சிரிப்பதும் பெண்தான். இவர்கள் எல்லோருக்கும் பின்னால் வந்தவன் ஆடியவன். 80 கிராம் உருக்குக்குண்டைப் பல வருடங்கள் ஓடவிட்டு, வர்ணத்தைத் தேய்த்து மரத்தை வெளியே கொண்டுவந்தவன் அவனே.

இப்போது திருத்தும் வேலைக்கு வருவோம். மிகவும் மெச்சப்படும் முறை, தேய்வு முழுவதையும் நிரப்பி, வர்ணத்தைப் புதிதாக இட்டு, அதன்மேல் காருக்கு அடிக்கும் ஒளிபுகும் வார்னிஷைப் பல தடவை அடித்து முகம் பார்க்குமளவுக்கு மினுக்குவது. பார்க்க அழகாயிருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மேசை அப்படி ஒருபோதும் இருந்ததில்லை. ஐம்பதுகள் அறுபதுகளின் மேசைகள் மூன்றரைப் பாகை அளவிலேயே சரிந்து நின்றன. குண்டு ஆறுதலாக நடந்து வரும். அந்த ஆறுதலுக்குள்தான் ஆடுபவன் யோசிப்பான். வார்னிஷின் வழுக்கலில் குண்டு ஓடத் தொடங்குகிறது. ஓட்டம் பிடித்துப்போக, பின்கால்களை உயர்த்திச் சரிவைக் கூட்டுகிறார்கள். சரிவு கூடினால் பழைய கொயிலின் பலம் போதாது, பலமான கொயில் போடுகிறார்கள். அதன் அடிக்கு றப்பரும் தூண்களும் தாங்குவதில்லை. சிலர் 5 சென்ரிமீற்றர்த் தட்டுக்கைகளைக் கழற்றி, 1968இலிருந்து புழக்கத்துக்கு வந்த ஏழரைச் சென்ரிமீற்றர்த் தட்டுக்கைகளைப் பொருத்துகிறார்கள். நடுவே இருந்த இடைவெளி அடைபட்டுவிடுகிறது. அந்த இடைவெளியிலிருந்த பயமும் போய்விடுகிறது. படம் பழையது. ஆட்டம் வேறெதுவோ.

விளக்கு விடயத்திலும் இதே சண்டைதான். பழைய குமிழ்களின் சூட்டினால் பின்கண்ணாடி வர்ணம் செதில் செதிலாக உரிகிறது. எனவே சூடில்லாத எல்இடி விளக்குகளைப் போடுகிறார்கள். காரணம் நியாயமானது. ஆனால் நீலம் கலந்த அந்த வெள்ளை வெளிச்சத்தில் பார்க்கரின் பெண்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் போலிருக்கிறார்கள். மஞ்சள் சாயலுள்ள எல்இடி கடையில் இருக்கிறது. அதைத் தேடுகிறவரிடம் கண் இருக்கிறது என்று நாம் கொள்ளலாம்.

முரகாமியின் '1973இல் பின்போல்' (1980) நாவலில் கதைசொல்லி, தொலைந்துபோன தன் மேசையைக் குளிர்ந்த களஞ்சியமொன்றில் கண்டடைகிறான், கண்டும் ஆடுவதில்லை. நாவலில் அது பொருந்துகிறது. கீறல் விழுமென்று பயந்து, மினுக்கிய மேசையை ஒருவரையும் தொடவிடாத சேகரிப்பாளர்களிடம் அது பொருந்தவில்லை.

முழுதாக மாற்றிச் செய்வோர் இன்னொரு வகை. இதில் பெரிதாகப் பேசப்பட்டது 'வோ நெலி! பிக் ஜூசி மெலன்ஸ்'. வடிவமைப்பாளர் டெனிஸ் நோர்ட்மனும் ஓவியர் கிரெக் ஃப்ரேரஸும், கொட்லீப்பின் 1957ஆம் ஆண்டு 'கொன்ரினென்ரல் கபே' மேசையின் அமைப்பை எடுத்து, அதன்மேல் தர்ப்பூசணி விற்கும் பெண்ணின் கதையைப் பூசினார்கள். 2015இல் ஸ்ரேர்ன் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. இருவரும் தொழில் தெரிந்தவர்கள். பழைய வளைவுகளைத் தொடாமல் விட்டதற்காக அவர்களைப் பாராட்டுகிறோம். குண்டு 1957இல் நடந்தபடியே நடக்கிறது. ஆனால் பெயரிலேயே இருக்கும் மார்பகப் பகிடி? பார்க்கரின் காலத்தில் அது அக்காலத்தின் குருடு. ஐம்பது வருடம் கழித்து, தெரிந்துகொண்டே, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அதைத் திரும்பச் சொல்வதை நாம் எப்படி எடுப்பது? எள்ளல் என்பார்கள். எள்ளல் என்றால் யாரோ ஒருவர் அடிபட வேண்டும். இங்கே அடிபடுவது முன்பு அடிபட்ட அதே ஆள். வேடிக்கை இன்னொன்றுமுண்டு: இந்த மேசையின் பெட்டி நைந்த பழைய பலகை போலத் தோன்றும்படி செய்யப்பட்டிருக்கிறது. உண்மையான தேய்வைச் சுரண்டி எறியும் அதே பொழுதுபோக்கில், பொய்த் தேய்வு காசுக்குப் போகிறது.

இதற்கு எதிர்முனையில் வில்லியம் ரி. வைலியின் 'பன்போல்: ஒன்லி வன் ஏர்த்' (2008). கலிபோர்னியாவில் வாழ்ந்து 2021இல் காலமான இந்த ஓவியர், கொட்லீப்பின் 1964ஆம் ஆண்டு 'நோர்த் ஸ்ரார்' மேசையை எடுத்துத் தன் கோட்டுக் கிறுக்கல்களாலும் சொற்சிலேடைகளாலும் மூடி, சீரழியும் பூமியைப் பற்றிப் பேசவைத்தார். தலைப்பிலேயே சிலேடை. எமக்கு இது முழுதாக ஒத்துவரவில்லை. ஆடுதளத்தில் அவ்வளவு எழுத்து இருக்கிறது. வாசிக்க நின்றால் குண்டு போய்விடும், குண்டைப் பார்த்தால் வாசிக்க முடியாது. ஆனால் இப்படி யோசிக்கும்போதே, அவர் கேட்க விரும்பியதும் இதுதானோ என்ற சந்தேகம் வருகிறது. பூமியைப் பற்றிய எச்சரிக்கைகளை நாம் வாசிக்கும் விதமும் அதுதானே. சுவரில் மாட்டிய ஓவியமாக இருந்திருந்தால் இந்தச் சங்கடம் வந்திராது. மேசையாகவே ஓடுவதால்தான் வருகிறது.

எமக்கு மிகவும் பிடித்தது இவ்விரண்டுமல்ல. அலமீடாவிலுள்ள பசிபிக் பின்போல் நூதனசாலையைத் தொடங்கிய மைக்கல் ஷீஸ், 1976ஆம் ஆண்டு 'சேர்ஃப் சம்ப்' மேசையைக் கண்ணாடிபோல் ஒளிபுகும் பெட்டியில் மீளக்கட்டினார். படமே இல்லை. குண்டு ஒரு தடையைத் தொட, கீழே ரிலே இழுபடுவதும், எண்ணுருளை ஒரு பல் நகர்வதும், மணி அடிபடுவதும் வரிசையாகத் தெரிகின்றன. வயர்க் கட்டுகளும் தெரிகின்றன. பெயரில்லாத அந்தப் பெண்கள் செய்தது எவ்வளவு வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் திருத்தம் வேறொன்றை நாம் அறியோம்.

எல்லோரும் ஒளிபுகும் பெட்டி செய்ய முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. சாதாரண மேசையொன்றில் குண்டு தடக்கும் பள்ளத்தை மட்டும் நிரப்பி, மரம் தெரியும் மற்ற இடங்களை மெழுகு பூசி அப்படியே விடுபவர்களும் இருக்கிறார்கள். பெட்டியின் உட்சுவரில் முன்பு திருத்தியவன் பென்சிலால் எழுதிவைத்த திகதியையும் ரிலேயின் பெயரையும் அவர்கள் துடைப்பதில்லை. போட்டிகளில் இவர்களின் மேசைகளுக்குப் பரிசு கிடைப்பது அரிது. ஆடிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.