வெள்ளைப் புருவக்காரர் வந்திருக்கிறார்

நீலகிரி சிரிப்பான் என்ற பறவையைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. குன்னூரிலோ ஊட்டியிலோ வேலியோரம் கொஞ்சம் புதரை வெட்டாமல் விட்டு வைத்திருந்தால் போதும், அதுவே வந்துவிடும். எங்கள் பால்கனித் திண்டில் வாழைப்பழத் துண்டு வைக்கத் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒருநாள் நான் எழத் தாமதமாகிவிட, கம்பியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

இதை முதலில் காதால் ரசிக்க வேண்டும். பனி இறங்கி எதிர்வீட்டுத் தகரக் கூரைகூடத் தெரியாத காலை. ஒன்று சிரிக்கும், இன்னொன்று குறுக்கே புகும், பிறகு நான்கைந்து சேர்ந்துகொள்ளும். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் யாரோ எதையோ சொல்லிவிட்டது போலிருக்கும். 1839இல் இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்த ஜெர்டன், உரக்கச் சிரிப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே பெயரில் சேர்த்தார். 2017இல் இந்த இனத்துக்கும் அதன் உறவினருக்கும் தனிப் பேரினமே வகுத்து, மலையாளத்திலிருந்து 'சிலப்பன்' என்ற பொதுப்பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பான்தான் பிடிக்கிறது.

அடுத்தது கண். சுண்ணாம்பு தீட்டியது போல் தடித்த வெள்ளைப் புருவம், அதன் கீழே கறுப்புக் கோடு, செங்கல் பொடி நிறத்தில் நெஞ்சு. நிறத்தோடு நின்றுவிடாமல் நடையையும் பாருங்கள். நடை என்று சொல்வதே தப்பு, எல்லாம் தத்தல்தான். சிறகு குட்டையாகவும் வட்டமாகவும் இருப்பதால் நெடுந்தூரம் பறப்பதில் அதற்கு ஆர்வமில்லை. புதரின் அடிக்கிளையில் ஏறி, படிப்படியாக மேலே தத்தி, உச்சிக்கு வந்த பிறகுதான் கம்பிக்குத் தாவும். அந்தப் படியேற்றம்தான் எனக்குக் காலைக் காட்சி.

கையில் செல்போன் வேண்டாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தேநீரை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கிட்ட வருவது என்பதை அது முடிவு செய்யட்டும். கையில் உட்கார வைப்பதைச் சாதனையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மலைகளை விட்டால் இதற்கு வேறு ஊர் கிடையாது, அழியும் ஆபத்துள்ள பறவைகளின் பட்டியலிலும் இருக்கிறது. மனிதக் கையை நம்பப் பழகினால் பூனையையும் நம்பிவிடும்.

கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் (1829–1928) இந்த மலையின் பறவைகளைப் பார்த்துப் பார்த்து வண்ணத்தில் தீட்டினார். அந்த ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்களுக்கும் ஒரு பென்சில் போதும். புருவம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைந்து பார்த்தால்தான் இத்தனை நாள் சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரியும்.

மிக்சர், உப்புப் பண்டம் எதுவும் வைக்காதீர்கள். ஒருமுறை பழம் வைத்த தட்டை ராத்திரி வெளியிலேயே விட்டுவிட்டேன். விடியற்காலையில் குரங்குக் கூட்டம் வந்து தட்டோடு இரண்டு பூந்தொட்டிகளையும் உருட்டிவிட்டுப் போயிற்று. கரடி வரும் தெரு இது, குரங்கோடு போனதே பெரிது. அதன்பின் பழம் வைப்பதைக் குறைத்து, வேலியோரம் தவிட்டுப்பழச் செடி வைத்தேன். காய்க்கும்வரை காத்திருந்தது நான்தான், சிரிப்பான் இல்லை. வேறெங்கோ போய்த் தின்றுவிட்டு இடையிடையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நேற்று செடியில் முதல் பழத்தைக் கொத்தித் தின்றுவிட்டு நேரே கம்பிக்கு வந்தது. அலகை இப்படியும் அப்படியும் துடைத்துவிட்டுப் போனது. ஊதாக் கறை இன்னும் கம்பியில் இருக்கிறது.