உறைந்த நகரமும் உப்புக் கடலும்

ரோலண்டு எம்மெரிக் இயக்கி 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ படத்தில் அட்லாண்டிக் நீரோட்டம் நின்றுபோகிறது. சில நாட்களில் நியூயார்க் நகரம் பனியில் உறைகிறது. நீரோட்டம் என்றதும் மாணவர் பலருக்கு இன்றும் இப்படமே நினைவுக்கு வருகிறது. எனவே அதன் அறிவியலைச் சற்று உரசிப் பார்ப்போம்.

அடிப்படைக் கருத்தில் பிழையில்லை. வடக்கே செல்லும் உப்பு மிகுந்த நீர், குளிர்ந்ததும் அடர்த்தி கூடி ஆழத்தில் அமிழ்கிறது. பின்பு தெற்கே திரும்புகிறது. உருகிய பனியின் நன்னீர் மேலே கலந்தால் இந்த அமிழ்தல் தளரும். இதைப் படத்தில் ஒரு மாநாட்டில் தெளிவாகவே விளக்குகிறார்கள். மாநாடு நடக்கும் புது டில்லியில் பனி பொழிவதை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. உயரத்திலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்று ஹெலிகாப்டரின் எரிபொருளையே உறைய வைக்கிறது. இறங்கும் காற்று சூடாகாதா என்று ஒருவர் கேட்க, மிக விரைவாக இறங்குவதால் சூடாகவில்லை என்று விடை வருகிறது. உண்மை இதற்கு நேர்மாறு! இறங்கும் காற்று அழுத்தத்தால் சுருங்கி, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். விரைந்து இறங்கினால் அவ்வெப்பம் வெளியேற நேரமே இராது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தவர்களுக்கு இது தெரியும்.

இன்னொரு குறை. ஓநாய்கள் கப்பலில் உலவுகின்றன. மீன்கள் என்னவாயின என்று யாரும் கேட்பதில்லை.

1960-களின் பிற்பகுதியில் ஆர்க்டிக்கிலிருந்து வழக்கத்தைவிட மிகுதியான பனிக்கட்டியும் நன்னீரும் ஐஸ்லாந்தின் வடகடலுக்கு வந்தன. உவர்ப்பு குறைந்தது. அரிசிமணி அளவேயுள்ள காலனஸ் என்னும் மிதவை உயிரி அருகியது. அதைத் தின்ன வரும் ஹெர்ரிங் மீன், நம் மத்தியின் உறவு, அப்பக்கம் வருவதை நிறுத்தியது. அளவுமீறிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொள்ள, அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஹெர்ரிங் தொழில் வீழ்ந்தது. மீனுக்கு உப்பிட்டே வளர்ந்த சிக்லுஃபியோர்தூர் துறைமுகம் வெறிச்சோடியது. இன்று அங்கே ஹெர்ரிங் அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்த நன்னீர்த் திட்டு அத்துடன் ஓயவில்லை. கிலோ நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடலில், லாப்ரடார்ப் பகுதியில் குறைந்தது ஒரு கிராம்கூட இல்லை. ஆயினும் அங்கே 1969 முதல் 1971 வரை குளிர்காலங்களில் நீர் ஆழத்திற்கு அமிழ்வது ஏறத்தாழ நின்றுபோயிற்று. பின் அத்திட்டு வட அட்லாண்டிக்கைச் சுற்றி, 1980-களின் தொடக்கத்தில் கிரீன்லாந்துக் கடலுக்கே மீண்டது. இரண்டு மணி நேரப் படத்துக்கு இந்த வேகம் போதாது என்று எம்மெரிக் எண்ணியிருக்கலாம்.