கல்வாரிக்குச் செல்லும் வேகம்

தவக்காலம் தோறும் நாம் எடுத்துக் கேட்கும் இசை ஒன்று உண்டு. யோகான் செபாஸ்டியன் பாக் இயற்றிய 'மத்தேயு திருப்பாடுகள்' அது. லைப்சிக் நகரின் புனித தோமையார் ஆலயத்தில் 1727ஆம் ஆண்டு பெரிய வெள்ளி மாலை வழிபாட்டின்போது அது முதன்முறை பாடப்பட்டது என்பதே இன்று அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. லூத்தரன் சபைக்கென லூத்தரன் ஒருவர் எழுதியதைக் கத்தோலிக்கர் ஏன் கேட்க வேண்டும் என்று வினவுவோர் உளர். குருத்து ஞாயிறன்று நம் ஆலயங்களில் திருப்பாடுகளின் வரலாற்றை நாம் எவ்வாறு வாசிக்கிறோம் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். குரு ஆண்டவரின் சொற்களை எடுத்துக்கொள்கிறார், ஒருவர் நற்செய்தியாளராகிறார், மக்கள் கூட்டத்தின் கூச்சலை இறைமக்கள் ஏற்கின்றனர். இடைக்காலத் திருச்சபையின் இவ்வழக்கமே பாக்கின் கட்டடத்துக்கும் அடித்தளம். அவர் மீண்டும் மீண்டும் எடுத்தாளும், முட்கள் சூடிய திருத்தலையைப் பற்றிய சபைப்பாடலுங்கூட, சிஸ்டர்சியன் மடத்தில் பிறந்த இலத்தீன் பாடலொன்றின் வழித்தோன்றலே.

1736ஆம் ஆண்டில் பாக் இதனைத் திருத்திப் புதிதாகப் படியெடுத்தபோது, விவிலியச் சொற்களைச் சிவப்பு மையால் எழுதினார். நம் திருப்பலி நூலில் சிவப்பு எழுத்து வாய்விட்டு வாசிக்கக் கூடாதது. பாக்கிடம் சிவப்பு எழுத்தே எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்கப்பட வேண்டியது. ஆகவே இப்படைப்பின் ஒலிப்பதிவுகளை ஒப்பிடும்போது நாம் கேட்கும் முதற் கேள்வி குரல்களின் இனிமை பற்றியதன்று. அந்தச் சிவப்பு மை நம் செவிக்கு எட்டுகிறதா என்பதே கேள்வி.

தொடக்கப் பாடலிலேயே இசை நடத்துநர்களின் வழிகள் பிரிந்துவிடுகின்றன. இரு பாடகர் குழுக்கள், இரு வாத்தியக் குழுக்கள். அடியில் ஒரே சுரத்தை விடாது மிதித்துக்கொண்டிருக்கும் தாழ்சுரக் கருவிகள். அவற்றின் மேலே சிறுவர்கள் பாடும், மாசற்ற செம்மறியைப் பற்றிய சபைப்பாடல். ஆட்டோ கிளெம்பெரர் இலண்டனில் 1960-61இல் பில்கார்மோனியா வாத்தியக் குழுவைக் கொண்டு பதிந்தபோது இப்பாடல் ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் நீண்டது. ஜான் எலியட் கார்டினர் பழங்காலக் கருவிகளைக் கொண்டு 1988இல் பதிந்ததில் அது ஏறத்தாழ ஏழே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. காகிதத்தில் இருப்பன அதே சுரங்கள்தாம். கார்டினரிடம் அந்தத் தாளம் நடனத்தின் ஊசலாட்டம் பெறுகிறது. பாக்கின் காலத்து நடனவகைகளை அறிந்தோர் அதுவே சரி என்பர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. கிளெம்பெரரிடமோ ஒவ்வோர் அடியும் தரையில் ஊன்றி எடுக்கப்படுகிறது. தோளில் பாரம் இருப்பவன் ஓடுவதில்லை.

கிளெம்பெரரின் இந்த மெதுவான போக்கைப் பற்றி இசைவாணரிடையே வழங்கும் வேடிக்கைக் கதை ஒன்று உண்டு. கிறிஸ்துவின் பகுதியைப் பாடிய டீட்ரிக் ஃபிஷர்-டீஸ்காவ், பாக் தம் கனவில் வந்து வேகம் போதாது என்று குறைப்பட்டதாகச் சொன்னாராம். மறுநாள் கிளெம்பெரர், பாக் தம் கனவிலும் வந்ததாகவும், 'யார் இந்த ஃபிஷர்?' என்று தம்மிடம் விசாரித்ததாகவும் விடையிறுத்தாராம். உண்மையோ புனைவோ, இருவரும் கனவில் கண்டது வெவ்வேறு பாக் என்பது மட்டும் உறுதி.

இரண்டாவது சோதனை இறுதி இராவுணவில் வருகிறது. தம்முள் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று கேட்டதும் சீடர்கள் ஒவ்வொருவராக, அது தாமோ என்று ஆண்டவரைக் கேட்கின்றனர். அவரை விளிக்கும் சொல் பதினொரு முறை வருகிறது. பன்னிரண்டாமவன் வாய் திறக்கவில்லை. அடுத்த கணமே, இடைவெளியின்றி, சபைப்பாடல் எழுந்து, குற்றவாளி நானே என்று அறிக்கையிடுகிறது. சீடர் கேட்ட கேள்விக்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஆலயத்தில் இருப்பவன் விடையளிக்கிறான். பாவ அறிக்கையைப் பற்றி இதனினும் சுருக்கமான மறைக்கல்வியை நாம் அறியோம். கார்ல் ரிக்டர் மூனிக் நகரில் 1958இல் செய்த பதிவு இவ்விடத்தில் எல்லாரையும் விஞ்சுகிறது. லூத்தரன் போதகரின் மகனாகப் பிறந்து, தோமையார் ஆலயத்திலேயே ஆர்கன் வாசித்தவர் அவர். அவருடைய குழு அந்தச் சபைப்பாடலை அலங்கரிப்பதில்லை. நெஞ்சில் அறைந்துகொள்வதுபோல நேராகப் பாடிவிட்டு நகர்கிறது. அதே ரிக்டர் 1979இல் மீண்டும் பதிந்தபோது வேகம் தளர்ந்து, பாரம் கூடி, அந்த நேர்மையில் ஒரு பங்கு கரைந்துவிட்டது.

நிக்கோலாஸ் ஹார்னன்கூர் 1970இல் வெளியிட்ட பதிவு, பழங்காலக் கருவிகளைத் திரும்பக் கொண்டுவந்தமையால் வரலாற்றில் இடம் பெற்றது. பெண்குரல் ஒன்றுகூட இல்லை. உயர்குரல் பகுதிகளைப் பாடுவோர் சிறுவர்களே, அவர்களுள் ரேகன்ஸ்புர்க் பேராலயப் பாடகர் சிறுவரும் உளர். அதற்கு நாம் நன்றி பாராட்டுகிறோம். ஆனால் அடிக்கடி எடுத்துக் கேட்பதில்லை. குரலுக்கு ஒருவர் மட்டும் பாடும் முறையில் பால் மக்கிரீஷ் செய்த பதிவையும் அவ்வாறே சொல்லலாம். கூட்டம் கத்தும் இடத்தில் எண்மர் கத்தினால் அது கூட்டமாகாது என்பது நம் எளிய கருத்து. அறிஞர் நம்மைத் திருத்தலாம்.

மூன்றாவது இடம் சிலுவையடி. இப்படைப்பு முழுவதிலும் இயேசு பேசும்போதெல்லாம் தந்திக் கருவிகளின் நீண்ட ஒலி அவர் குரலைச் சூழ்ந்து நிற்கும். ஓவியத்தில் திருத்தலையைச் சுற்றிய ஒளிவட்டம் போன்றது அது எனப் பலரும் எழுதியுள்ளனர். தந்தை தம்மை ஏன் கைவிட்டார் என்று அவர் அரமேய மொழியில் கதறும் அந்த ஒரே இடத்தில் மட்டும் ஒளிவட்டம் இல்லை. தந்திகள் மௌனமாகின்றன, அடியொலி மட்டும் எஞ்சுகிறது. கடவுள்தன்மையை வெறுமையாக்கிக்கொண்டார் என்று பவுலடியார் எழுதியதை நாம் குருமடத்தில் பக்கம் பக்கமாகக் கற்றோம். பாக் சில வயலின்களை நிறுத்தி அதைச் சொல்லிவிட்டார். இங்கே பழங்காலக் கருவிகளின் மெலிந்த ஒலி ஒரு குறையாகிறது: ஒளி மங்கலாக இருந்தால் அது அணைவதும் அவ்வளவாகத் தெரியாது. கிளெம்பெரரின் தடித்த தந்தியொலி மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நம்மைப் பழக்கிவிட்டுத் திடீரென விலகும்போது, அறையில் விளக்கு அணைந்தாற்போல் நாம் திடுக்கிடுகிறோம்.

கூட்டத்தின் குரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இயேசுவின் இரத்தப்பழி தங்கள் மேலும் தங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று மக்கள் கூவும் வசனம் மத்தேயுவில் மட்டுமே உள்ளது. அவ்வசனத்தைக் காட்டி யூத மக்களைப் பல நூற்றாண்டுகள் துன்புறுத்தினர் கிறிஸ்தவர்கள். 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அக்காலத்து யூதர் அனைவர் மீதோ இக்காலத்து யூதர் மீதோ சுமத்தலாகாது என்று அறிவிக்கும் வரை, திருச்சபையின் வாயிலிருந்து அவ்வளவு தெளிவான சொல் வரவில்லை. கார்டினரின் பாடகர்கள் இந்தக் கூச்சலைக் கத்தி வீச்சின் வேகத்தில் பாடுகின்றனர். திறமை வியக்க வைக்கிறது; ஆயினும் வெறிகொண்ட கூட்டம் ஒன்றை நாம் தெருவுக்கு அப்பால் நின்று பார்க்கிறோம். கிளெம்பெரரிடம் அது வெறியாக வருவதில்லை. தீர்ப்பின் கனத்தோடு வருகிறது. அவர் யார் என்பதை அறிந்தே நாம் கேட்கிறோம்: 1885இல் பிரெஸ்லவ் நகரில் யூதராகப் பிறந்து, 1919இல் கத்தோலிக்கராகி, 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேற நேர்ந்தவர். 1967இல் அவர் முன்னோரின் நெறிக்கே திரும்பினார், அதை மறைப்பதற்கில்லை. தம் இனத்தாருக்கு எதிராக நெடுங்காலம் ஏவப்பட்ட வசனத்தை அவர் அவ்வளவு பொறுமையாக நடத்துகிறார் என்பதே நமக்குப் போதும்.

இனி, எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறோம். நம் உள்ளத்தை மிக ஆழமாகத் தொட்ட பதிவு மேற்கூறிய எதுவுமன்று. 1939ஆம் ஆண்டு ஏப்ரல் 2, குருத்து ஞாயிறன்று, ஆம்ஸ்டர்டாம் நகரின் கான்செர்ட்கெபௌ அரங்கில் வில்லெம் மெங்கெல்பெர்க் நடத்தியது அது. கூட்டத்தின் முன்னிலையில் நேரடியாகப் பதிவானது, பல தனிப்பாடல்கள் வெட்டப்பட்டவை, வேகம் மனம்போல் நீண்டு குறுகும், ஒலி மங்கல், இருமல்கள் கேட்கும். இலக்கணம் பார்ப்போர் எள்ளி நகைக்கலாம். பேதுரு மறுதலித்து மனங்கசந்து அழுத பின் வயலினோடு எழும் இரக்கப்பாடலில், அரங்கில் யாரோ விம்மியழுவது கேட்கிறது என்பர். நாம் கேட்டது விம்மலோ, பழம் பதிவின் கரகரப்போ, அறியோம். அவ்விடத்தில் நம் கண்ணும் வறண்டிருந்ததில்லை.

பதின்மூன்று மாதங்களில் அந்நாடு ஜெர்மானியப் படையிடம் வீழ்ந்தது. மெங்கெல்பெர்க் ஆக்கிரமித்தவர்களோடு இணங்கிப் போனார். அவர்கள் நாட்டிலேயே சென்று இசை நடத்தினார். யூத இசைஞர் சிலருக்காகப் பரிந்து பேசினார் என்பதும் உண்மை. 1941இல் அவருடைய குழுவிலிருந்த யூதர் வெளியேற்றப்பட்டனர். அந்நாட்டு யூதருள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். போருக்குப் பின் அவர் தம் நாட்டில் இசை நடத்துவதற்குத் தடை விதிக்கப்பட்டது. முதலில் வாழ்நாள் முழுமைக்கும், பின்னர் ஆறு ஆண்டுகளுக்கு. தடை முடியும் முன்பே, 1951 மார்ச்சில், சுவிட்சர்லாந்தில் இறந்தார். அந்தக் குருத்து ஞாயிறன்று அவர் முன் நின்று பாடியவர்களுள் ஒருவர் ஹெர்மன் ஷெய். யூதராகப் பிறந்தவர், ஜெர்மனியைவிட்டு அந்நாட்டில் அடைக்கலம் புகுந்தவர்.

இறையியல் கற்றவனுக்கு இங்கே ஒரு சுலபமான வழி உண்டு. அருளடையாளத்தின் ஆற்றல் பணியாளரின் தகுதியைச் சார்ந்ததன்று எனத் தொனாத்துசுக் கொள்கையினருக்கு எதிராகப் புனித அகுஸ்தீனார் வாதிட்டாரே, இசைக்கும் அதையே பொருத்திவிடலாமே என்று தோன்றும். நாமும் சில ஆண்டுகள் அவ்வாறே சொல்லிக்கொண்டோம். அது பொருந்தாது. அருளடையாளத்தில் செயல்படுபவர் கிறிஸ்து. இசையிலோ செயல்படுவன அம்மனிதரின் காதும் கையும் நெஞ்சுமே. அந்த இரக்கப்பாடலை அவ்வளவு நீட்டி, அவ்வளவு உருக்கமாக வாசிக்கச் செய்த நெஞ்சும், அடுத்த ஆண்டு வளைந்துகொடுத்த நெஞ்சும் ஒன்றே. அன்று அழுதவர் எல்லாரும் உண்மையாகவே அழுதனர் என்றே நம்புகிறோம். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட வரிசையில் வந்து, கண்ணீரோடு திரும்பும் இறைமக்களை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நம் கண்ணீரையும் அறிவோம்.

இப்போது பெட்டித் தொகுப்புகளின் காலம். பாக் பிறந்து 333 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 2018இல் வெளியான தொகுப்பில் மட்டும் 222 குறுந்தகடுகள் உள்ளன. அலமாரியில் அது அழகாக நிற்கும். நாள்தோறும் ஒன்றாகக் கேட்டாலும் ஏழு மாதம் தாண்டும். வாங்குவோர் பலரும் அவ்வாறு கேட்பதில்லை, திருத்தந்தையரின் சுற்றுமடல்களைக் கட்டடம் செய்து வைத்திருக்கும் குருக்கள் சிலரைப் போலவே. லைப்சிக்கில் இப்படைப்பின் இரு பகுதிகளுக்கும் நடுவே நீண்ட மறையுரை ஒன்று இருந்தது. எத்தொகுப்பிலும் அது இல்லை. கேட்போர் எவரும் அதற்காக வருந்தியதாகவும் தெரியவில்லை.

ஒன்றே ஒன்றை வாங்க இயலும் வாசகருக்கு நாம் கிளெம்பெரரையே பரிந்துரைப்போம். இரண்டாவதற்கு வசதியிருப்பின் ரிக்டரின் 1958ஆம் ஆண்டுப் பதிவு. அதன் முடிவுப் பகுதியில், இயேசுவை நெஞ்சிலேயே அடக்கம் செய்ய விழையும் தனிப்பாடலை ஃபிஷர்-டீஸ்காவ் பாடுவதற்காகவே அதை வாங்கலாம். மெங்கெல்பெர்க்கை எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் குருத்து ஞாயிறு மாலையில், கூட்டத்தின் பகுதியை இறைமக்களோடு வாசித்து முடித்து வீடு திரும்பிய பின், நாம் எடுத்துக் கேட்பது அதைத்தான். பேதுருவின் பாடல் நடக்கும்போது அரங்கில் ஒருவர் இருமுகிறார். 1942இல் அவர் எங்கிருந்தார், வண்டியில் ஏற்றப்பட்டவர்களோடா, சன்னலோரம் நின்று பார்த்தவர்களோடா என்று எண்ணாமல் அந்த இருமலைக் கடந்து செல்ல நமக்கு இன்னும் இயலவில்லை.