ஒரே கட்டணம், எதில் போட்டி?

மருத்துவமனைகளைப் போட்டியிட விட்டால் செலவு குறையும், தரம் உயரும் என்ற வாதத்தை இங்கிலாந்து இரண்டு முறை, இரண்டு விதமாகச் சோதித்தது. கிடைத்த விளைவுகள் நேரெதிரானவை. பணம் எப்படித் தரப்படுகிறதோ, அதற்கேற்பவே போட்டியின் குணமும் அமைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

1991இல் தேசிய சுகாதாரச் சேவைக்குள் உள்சந்தை உருவானது. சுகாதார ஆணையங்களும், நிதிப் பொறுப்பேற்ற குடும்ப மருத்துவர்களும் மருத்துவமனைகளிடம் விலை பேசிச் சிகிச்சைகளை வாங்கினர். விலையும் காத்திருப்புக் காலமும் அவர்களுக்குத் தெரிந்தன. சிகிச்சையின் தரம் தெரியவில்லை. பொருளியல் அறிஞர் கரோல் பிராப்பர் குழுவினரின் ஆய்வு, போட்டி மிகுந்த பகுதிகளில் காத்திருப்பு குறைந்ததையும் மாரடைப்பு நோயாளிகளின் இறப்பு விகிதம் கூடியதையும் காட்டியது. கண்ணில் படாத தரத்தை விட்டுக்கொடுத்து, கண்ணில் படும் காத்திருப்பை மருத்துவமனைகள் குறைத்தன.

இரண்டாவது சீர்திருத்தம் 2003-04 முதல் படிப்படியாக வந்தது. சராசரிச் செலவின் அடிப்படையில், ஒவ்வொரு சிகிச்சை வகைக்கும் நாடு முழுவதும் ஒரே கட்டணம். 2006 முதல், திட்டமிட்ட சிகிச்சைக்குச் செல்லும் நோயாளி குறைந்தது நான்கு மருத்துவமனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. விலையைக் குறைத்து யாரையும் ஈர்க்க முடியாததால், போட்டி தரத்தின் பக்கம் திரும்பியது. சிக்கனமாக நடத்தியவருக்கு மிச்சம் கிடைத்தது. நோயாளிகள் படுக்கையில் இருக்கும் நாட்கள் குறைந்தன. அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைகள் பெருகின. போட்டி மிகுந்த இடங்களில் மாரடைப்பு நோயாளிகளின் இறப்பு கூடுதலாகக் குறைந்தது என்றும், அதற்காகச் செலவு உயரவில்லை என்றும் பொருளியல் அறிஞர்கள் மார்ட்டின் கெய்னர், பிராப்பர் உள்ளிட்டோர் கண்டனர்.

இந்த முடிவுக்கு வலுவான மறுப்பும் உண்டு. மாரடைப்பு வந்தவர் மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதில்லை. பிறகு தேர்வுரிமை அவர் உயிரை எப்படிக் காக்கும் என்று பொதுச் சுகாதார அறிஞர் ஆலிசன் பொலாக் போன்றோர் கேட்டனர். போட்டியால் நிர்வாகம் முழுவதுமே சீர்பட்டிருக்கலாம் என்பது பதில். நம்பத்தக்க பதில்தான், ஆனால் அது ஊகத்தின் துணையோடு நிற்கிறது.

கட்டண முறையின் குறைகளில் ஊகத்துக்கு இடமில்லை. எண்ணிக்கைக்குப் பணம் தந்தால் எண்ணிக்கையே பெருகும். நீரிழிவு நோயாளியை வீட்டிலேயே நலமாக இருக்கச் செய்யும் மருத்துவமனை வருமானம் இழக்கிறது. சராசரிக் கட்டணம் எளிய நோயாளியை லாபமாகவும், பல நோய்கள் கொண்ட முதியவரை நட்டமாகவும் ஆக்குகிறது. அவசர அனுமதிகள் பெருகியதால், 2010இல் குறிப்பிட்ட அளவைத் தாண்டியவற்றுக்கு 30% கட்டணம் மட்டுமே என்ற விதியை அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் நல்ல திருத்தம் ஒன்றும் வந்தது: இடுப்பெலும்பு முறிவுக்கு 36 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால் கூடுதல் தொகை.

கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றில் நோயாளி காத்திருக்கலாம், ஒப்பிடலாம், விளைவையும் அளக்கலாம். அங்கே ஒரே கட்டணமும் போட்டியும் பயன் தரும். அவசர சிகிச்சைக்கும் நாள்பட்ட நோய்க்கும் வேறு நிதிமுறை வேண்டும். எந்த நாடாயினும், கட்டணத்தை மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு மருத்துவமனையின் சிகிச்சை விளைவுகளையும் மக்கள் அறிய வெளியிட வேண்டும். அதைச் செய்யாமல் போட்டியைத் திறந்துவிடும் அரசு, 1991இன் தவறை நோயாளிகளின் உயிரை வைத்தே மீண்டும் செய்கிறது.